பறந்து போய்த் தூண்டில் போடலாமா?

கனடாவிலிருந்து யாரோ அனுப்பிய வீடியோ ஒன்று நிவித்திகல, காவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. சின்ன விமானம் ஒன்று ஏரியில் இறங்குகிறது. நாலு பேர் பெட்டி படுக்கையோடு மரக்குடிலுக்குள் போகிறார்கள். விடிந்ததும் முழங்கை நீளத்துக்கு மீன்! இந்த மாதத் தபால் பை முழுக்க அதைப் பற்றிய கேள்விகள்தான். அதனால் அரசியல், சினிமா, சமையல் கடிதங்களுக்கு அடுத்த மாதம் பதில் தருகிறேன்.

கே: மீன் பிடிக்க விமானத்தில் போகிறார்களாமே, நிஜமா? (சாதாரண தர மாணவன், நிவித்திகல)

ப: நிஜம்தான் தம்பி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் ஏறக்குறைய 2,50,000 ஏரிகள் இருக்கின்றன. வடக்கே போகப் போக ரோடு முடிந்துவிடும், ஏரிகள் முடியாது. ரெட் லேக், சூ லுக்அவுட், நக்கினா போன்ற சின்ன ஊர்களில் விமானம் ஏரிக்கரையிலேயே கட்டியிருக்கும். மூட்டை முடிச்செல்லாம் தராசில் ஏறும், ஆளின் எடையும் கணக்கில் சேரும். பிறகு காட்டுக்கு மேலே பறந்து, ரோடே எட்டாத ஓர் ஏரியில் இறக்கிவிட்டுப் போவார்கள். கரையில் ஒரு மரக்குடில், காஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி, ஓரிரண்டு அலுமினியப் படகு. பெரும்பாலும் அந்த வாரம் முழுக்க அந்த ஏரியில் வேறு ஆளே கிடையாது. குறித்த நாளில் விமானம் திரும்பி வரும், வானம் விட்டால்.

கே: ஓடுபாதை இல்லாமல் எப்படி இறங்கும்? அது என்ன விமானம்? (லொறி சாரதி, பெல்மதுளை)

ப: சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் படகு மாதிரி இரண்டு மிதவைகள். ஏரிதான் ஓடுபாதை. அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் பெயர் பீவர். டி ஹவிலண்ட் கனடா நிறுவனம் செய்தது, 1947 ஓகஸ்ட்டில் முதல் தடவை பறந்தது. வரைபடம் போடுவதற்கு முன்னால் காட்டில் பறக்கும் விமானிகளிடமே போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அதன் பலனைப் பாருங்கள். 45 கலன் எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏற்றுகிற அகலத்தில் கதவு வைத்தார்கள். என்ஜின் ஒயிலை விமானியின் அறைக்குள் இருந்தபடியே ஊற்ற வழி செய்தார்கள். கொட்டும் பனியில் வெளியே ஏணி போட்டு நிற்கிறவனின் சிரமம் தெரிந்து செய்த வேலை அது. எழுபது வருடம் தாண்டிய பீவர்கள் இன்றைக்கும் பறக்கின்றன. ஓட்டுகிறவனைக் கேட்டுச் செய்த வண்டி நீடித்து உழைக்கும் என்பது லொறிக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கே: அந்தக் காட்டில் சமைப்பது யார்? (குடும்பத் தலைவி, காவத்தை)

ப: போனவர்கள்தான். மத்தியானம் கரையில் நெருப்பு மூட்டி, காலையில் பிடித்த மீனை முள் நீக்கி, மாவில் புரட்டிப் பொரித்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், டின் பீன்ஸோடு சாப்பிடுவது அங்கே பெரிய சடங்கு. மீன் குடலைக் குடிலுக்குப் பக்கத்தில் போடக்கூடாது, கரடி வரும். நம்மவர்கள் போனால் கொறுக்காய்ப்புளியும் மிளகாய்த்தூளும் ஒரு பொட்டலம் கட்டிக்கொள்வது நல்லது. எடையும் அதிகமில்லை.

கே: என் கணவர் கூட்டாளிகளோடு மட்டும்தான் இப்படிப் போவேன் என்கிறார். பெண்களுக்கு ஏற்ற இடம் இல்லையாம். (ஸ்காபரோ, கனடா)

ப: கரையில் நிற்பது ஆணா பெண்ணா என்று மீன் பார்ப்பதில்லை. அடுத்த முறை உங்கள் பெயரில் ஓர் ஆசனம் எழுதச் சொல்லுங்கள். பீவரில் விமானி போக ஆறு பேருக்கு இடம் உண்டு.

கே: நிவித்திகலயில் பிறந்து ரொறன்ரோவில் வாழ்கிறேன். கோடையில் மகன்மாரோடு இப்படி ஒரு பயணம் போக ஆசை. என்னென்ன பார்க்க வேண்டும்? (ரொறன்ரோ, கனடா)

ப: முதலில் அனுமதிப்பத்திரம். ஒன்ராறியோவில் தூண்டில் உரிமம் இரண்டு வகை. முழு உரிமம் எடுத்தவர் வோல்ஐ மீனில் பொதுவாக நான்கு வைத்துக்கொள்ளலாம், குறைந்த கட்டண உரிமத்துக்கு இரண்டு. வலயத்துக்கு வலயம் விதி மாறும். சில இடங்களில் நீளக் கட்டுப்பாடும் உண்டு. போகிற ஏரியின் விதியைப் படித்துவிட்டுப் போங்கள். வடக்கில் பெரும்பாலான வலயங்களில் வோல்ஐ பருவம் மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை திறக்கும். மே கடைசியிலும் ஜூனிலும் கருப்பு ஈக்கள் காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வரவைக்கும். முகத்துக்கு வலைத்துணி கட்டாயம்.

நொர்தன் பைக் என்று நீண்ட வாயும் ஊசிப் பல்லும் உள்ள மீன் ஒன்று உண்டு. வெறும் தங்கூசி போட்டால் ஒரே கடியில் அறுத்துக்கொண்டு போய்விடும். முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுங்கள்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். மழை, புகை, மூடுபனி வந்தால் விமானம் ஒரு நாள் அல்ல, இரண்டு மூன்று நாளும் பிந்தலாம். நீரிழிவு, பிரஷர் மாத்திரைகளை அதற்கும் சேர்த்து எடுங்கள். செய்மதித் தொலைபேசி இருக்கிறதா, காட்டுத்தீ வந்தால் எப்படி வெளியேற்றுவார்கள் என்று முற்பணம் கட்டுமுன் கேளுங்கள். படகில் கால் வைத்த நிமிடத்திலிருந்து உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்கட்டும். நீந்தத் தெரியும் என்று மகன் சொல்வான். அந்தக் குளிர்த் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு திணறும், சிறிது நேரத்தில் கை கால் விறைக்கும், நீச்சல் உதவாது.

கே: ஒரு வாரம் போனில் சிக்னல் இல்லாமல் எப்படி இருப்பது? (உயர்தர மாணவி, இரத்தினபுரி)

ப: உங்கள் பாட்டி எப்படி இருந்தார் என்று அவரிடமே கேளுங்கள் மகள். அந்தக் கதை கேட்டு முடிக்கவும் ஒரு வாரம் ஆகும்.

கே: அங்கே மட்டும் அவ்வளவு மீன் எப்படி? நம் ஆற்றில் ஏன் இல்லை? (இறப்பர் பால் வெட்டும் தொழிலாளி, தொலஸ்வல)

ப: பையில் இருந்த கடிதங்களில் நான் இரண்டு தரம் படித்தது உங்களுடையதை.

அந்த ஏரிகள் நம் நீர்நிலைகளைவிட வளமானவை அல்ல. உண்மை அதற்கு நேர்மாறு. குளிர்ந்த, சத்துக் குறைந்த தண்ணீர். மீன் மிக மெதுவாக வளரும். அங்குள்ள ஏரி ட்ரவுட் மீன் முட்டையிடும் வயதுக்கு வரவே வடக்கில் எட்டுப் பத்து வருடமாகும். நம்மூர் ஜப்பான் மீன், அதுதான் திலாப்பியா, சில மாதங்களிலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும். வேகத்தில் நம் தண்ணீருக்குத்தான் முதலிடம்.

அப்படியானால் அங்கே எப்படி மீன் நிறைந்திருக்கிறது? தூரம்தான் காரணம். ரோடு இல்லாததால் வாரத்துக்கு நாலோ ஆறோ பேர்தான் போகிறார்கள். போகிறவர்களும் கணக்குப் பார்த்தே எடுக்கிறார்கள். பெரிய தாய் மீனைத் திருப்பி விடச் சொல்லும் குடில்காரர்கள் நிறைய. மரம் வெட்டக் காட்டுக்குள் ரோடு போடும்போதும் இந்த ஏரிகளை நெருங்காமல் திட்டம் போடுகிறார்கள். வெட்டு முடிந்தபின் பாலத்தையே கழற்றி ரோட்டை மூடிவிடுவதும் உண்டு. ரோடு வந்தால் ஏரி காலி என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம்மிடம் அந்தத் தூரம் இல்லை. லயத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு இறக்கம், ஒரு வேலி, அவ்வளவுதான். தூரம் செய்கிற காவலை இங்கே நாம்தான் செய்யவேண்டும். எவ்வளவு எடுப்பது, எதை விடுவது, எந்த மாதம் தொடாமல் இருப்பது என்று ஊர் கூடி ஒரு அளவு வைக்காவிட்டால், எவ்வளவு வேகமாகக் குஞ்சு பொரிக்கும் மீனும் நமக்கு மிஞ்சாது.

கே: அந்த ஏரிகள் யாருடையவை? வெள்ளைக்காரருடையவையா? (ஓய்வுபெற்ற தொழிற்சங்கத் தலைவர், றக்குவானை)

ப: தொழிற்சங்கத்தில் இருந்தவர் கேட்கவேண்டிய கேள்விதான், ஐயா. அவை அனிஷினாபே, க்ரீ முதலிய பழங்குடி மக்களின் நிலமும் நீரும். 1873லும் 1905லும் பிரித்தானிய முடியோடு ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. அதற்குப் பிறகு அவர்கள் இழந்தவை ஏராளம். மீன்பிடி விடுதிகள் வந்தபோது படகோட்டியாகவும் வழிகாட்டியாகவும் வேலைக்குப் போனவர்களும் அவர்களே. எந்தப் பாறையடியில் எந்த மாதம் மீன் நிற்கும் என்று சொல்லிக்கொடுக்க அவர்களை விட்டால் வேறு யார்?

அந்த மக்களின் கிராஸி நேரோஸ் என்ற ஊரின் கதையை மலையகத்தார் எல்லோரும் அறியவேண்டும். 1962 முதல் 1970 வரை, மேலே ட்ரைடன் நகரத்தில் இருந்த காகித ஆலைத் தொகுதி ஏறக்குறைய 9 தொன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் கலந்துவிட்டது. அது சேற்றில் படிந்து, புழுவில் ஏறி, சிறு மீனில் ஏறி, பெரிய மீனில் திரண்டு, கடைசியில் மனிதரின் நரம்பைப் பிடித்தது. ஜப்பானில் மினமாட்டா நோய் என்று சொல்லும் அதே வியாதி. 1970இல் ஆற்றில் மீன் பிடித்து விற்கும் தொழிலை அரசு மூடியது. விருந்தாளிகள் விமானத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்த போல் லேக் விடுதியும் அந்த வருடமே பூட்டப்பட்டது. வழிகாட்டிகளின் சம்பளம் ஒரே கோடையில் போயிற்று. தட்டில் இருந்த மீன் நஞ்சாயிற்று. நடுக்கமும் கண்பார்வைக் குறைவும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை வந்து சேர்ந்தன. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த ஊர் நியாயம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

உல்லாசப் பயணிக்கு அந்த ஏரி ஒரு வாரம். அங்கே பிறந்தவனுக்கு அது ஆயுள் முழுதும் குடிக்கும் தண்ணீர்.

கே: இலங்கையில் விமானத்தில் போய் ஏரிப் பங்களாவில் தங்கும் வசதி உண்டா? (ஆசிரியை, பலாங்கொடை)

ப: உண்டு, டீச்சர். நம் மலையகத்திலேயே. 2013இல் பறக்கத் தொடங்கிய சினமன் எயார் நிறுவனத்தின் மிதவை விமானங்கள் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கியிருக்கின்றன. செஸ்னா கரவான் வகை. கொழும்பிலிருந்து காரில் நாலைந்து மணி நேரம் வளைந்து வளைந்து ஏறவேண்டிய தூரம், வானத்தில் ஏறக்குறைய அரை மணி. அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்களைத்தான் 2005 முதல் சிலோன் டீ டிரெயில்ஸ் என்ற பெயரில் சொகுசு விடுதிகளாக நடத்துகிறார்கள். கனடாக் குடிலில் நீங்களே விறகு பொறுக்கி நீங்களே சமைக்கவேண்டும். இங்கே படுக்கைக்கே தேநீர் வரும்.

கே: எங்கள் காசல்ரீயில் பிளேன் இறங்குவதைக் கொழுந்து மலையிலிருந்து பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் மீன் பிடிக்கவா வருகிறார்கள்? (கொழுந்து பறிக்கும் பெண், நோர்வூட்)

ப: பெரும்பாலும் மலையையும் தேயிலையையும் பார்க்க வருகிறார்கள், அக்கா. நீங்கள் நிரை பிடித்து நிற்கும் அந்தப் பச்சை மலையைப் பார்க்கத்தான் அவ்வளவு செலவு.

ஆனால் அந்தத் தண்ணீர் இயற்கையாக வந்ததல்ல என்று அவர்களிடம் யாராவது சொல்கிறார்களா தெரியவில்லை. காசல்ரீ அணை 1965இல் முடிந்தது. கெசல்கமு ஓயாவைத் தடுத்து, விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் அனுப்பக் கட்டியது. அடுத்து 1969இல் மவுசாக்கலை. அதில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கடைத்தெருவும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த நகரம். கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கட்டடங்கள் சேற்றிலிருந்து வெளியே தலைகாட்டும். சனம் திரண்டு போய்ப் பார்க்கும். வயதானவர்கள் கையை நீட்டி, இங்கேதான் கடை, இங்கேதான் பஸ் நின்ற இடம் என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

கொழும்பில் விளக்கு எரிய ஒரு மலையக நகரம் தண்ணீருக்குள் போயிருக்கிறது. எத்தனையோ லயங்களுக்கு மின்சாரம் வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. பங்களாவில் தங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் ஏரிப் படத்தின் கீழே இதையும் நாலு வரி அச்சிட்டால் ஏரியின் அழகு குறையாது.

கே: இலங்கையில் மிதவை விமானம் புதுசா? (பொது அறிவுப் போட்டிக்குத் தயாராகும் மாணவன், எகலியகொடை)

ப: பழசு. இரண்டாம் உலகப் போரில் கொக்கலை வாவியில் பிரித்தானிய விமானப் படையின் கற்றலீனா வகைக் கடல் விமானங்கள் நின்றன. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி அங்கிருந்து எழுந்த ஒன்றை ஓட்டியவர் லெனார்ட் பேர்ச்சோல், ஒரு கனடாக்காரர். இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன்னால் செய்தி அனுப்பிவிட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. ஆனால் எச்சரிக்கை முந்திவிட்டது. அவர் சிறைப்பட்டு, போர் முடியும்வரை ஜப்பானில் இருந்தார். இந்தத் திகதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போட்டியில் வரலாம்.

கே: அந்தக் காலத்துத் துரைமார் எங்கே தூண்டில் போட்டார்கள்? (தோட்டத்து உத்தியோகத்தர், பலாங்கொடை)

ப: நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும். 1880களில் ட்ரவுட் மீனை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நம் குளிர் ஓடைகளில் விட்டார்கள். 1896இல் அதற்கென்றே நுவரெலியாவில் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கினார்கள். தங்கள் ஊர் மீனைத் தாங்கள் வேலை பார்க்கும் ஊரில் பிடிக்கவேண்டும் என்ற ஆசை. அந்த ஆசைக்கு விலை கொடுத்தது ஒரு சின்ன இறால். ஹோர்ட்டன் சமவெளியின் சில ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நன்னீர் இறால் அது. ட்ரவுட் அதைத் தின்கிறது. 1988இல் சமவெளி தேசியப் பூங்காவானது. இறாலுக்கு வந்த ஆபத்து நீங்கவில்லை. வெளிமீனை ஆற்றில் விடுமுன் நூறு முறை யோசிக்கவேண்டும் என்பேன். மீன் தொட்டி அலுத்துப்போய் ஓடையில் கவிழ்க்கும் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

கே: 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பம் நாங்கள். இங்கேயும் ட்ரவுட் உண்டு என்கிறார்களே? (கோத்தகிரி, தமிழ்நாடு)

ப: உறவே, நலமா? உண்டு. உங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் 1907இல் எச். சி. வில்சன் என்பவர் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். ஆனால் தென்னிந்தியாவின் சொந்தப் பெருமை ட்ரவுட் அல்ல, மஹசீர் என்னும் பெருங்கெண்டை. 1946 மார்ச்சில் மைசூர்ப் பக்கம் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மஹசீரின் எடை 120 இறாத்தல். ஒரு ஆள் எடை! காவிரிக்கரையில் பீமேஸ்வரி, கலிபோர் முகாம்களுக்கு உலகம் முழுவதிலிருந்தும் தூண்டில்காரர்கள் வந்தார்கள். காட்டுயிர்ச் சட்டத்தின் பேரில் அங்கே தூண்டிலை நிறுத்தினார்கள். திமில் போல முதுகு உயர்ந்த காவிரி மஹசீர் 2018இல் மிக மோசமான அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்தது. தூண்டிலைவிட அணையும் மணல் அள்ளுவதும் வெடியும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மஹசீரும் அதற்குச் செய்த கேடு பெரிது.

கே: பிடித்த மீனைத் திருப்பி விடுகிறார்களாம். அது புண்ணியமா, வதையா? (ஆலய அறங்காவலர், இரத்தினபுரி)

ப: சாப்பிடப் பிடித்துச் சாப்பிடுவது நேர்மை. விளையாட்டுக்கு என்றால், கொடுக்கு இல்லாத முள் போடவேண்டும், கையை நனைத்துக்கொண்டே தொடவேண்டும், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றவேண்டும். காய்ந்த கை பட்டால் மீனின் வழுவழுப்புத் தோல் உரிந்து நோய் பிடிக்கும். தூக்கிப் பிடித்து இருபது செல்ஃபி எடுத்துவிட்டுத் திருப்பி விடுவதில் புண்ணியம் எதுவும் இல்லை.

இதே கேள்வி ஒரு காலத்தில் நம் அரசையே அசைத்தது. மத உணர்வை முன்னிட்டு 1990இல் நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை அரசு நிறுத்தியது. 1994இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் கவனிப்பாரின்றிப்போன குளங்கள் பல.

கே: பக்கத்தில் தூண்டில் போட நல்ல நீர்த்தேக்கம் எது? (பஸ் நடத்துநர், நிவித்திகல)

ப: சமனல வாவி, உடவளவை. சமனல வாவி 1992இல் நிரம்பிய வருடமே கரையோரம் கசிந்து, ஒட்டுப்போட்டும் அடங்காத அணைக்குப் பெயர்போனது. அந்தக் கசிவுத் தண்ணீர் கீழே கல்தோட்டை வயலுக்குப் பாய்கிறது என்பது ஒரு ஆறுதல். இரண்டிலும் தொழில் மீனவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களின் சோறு. போய் இறங்குமுன் அவர்கள் சங்கத்திடமும் அணைக்கட்டு அலுவலகத்திடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். உடவளவையின் ஒரு பக்கம் தேசியப் பூங்கா. அங்கே யானைக்கும் முதலைக்கும் முதல் உரிமை.

கே: சிங்கராஜ ஓடையில் சிவப்புச் சிறுமீன் அழகாக இருக்கிறது. நாலைந்து போத்தலில் எடுக்கலாமா? (கலவானை)

ப: கூடாது. 1988 முதல் உலக மரபுரிமைக் காடு. அங்கிருந்து இலைகூட எடுக்கமுடியாது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் லே தித்தையாவாக இருக்கும். கரும்பட்டை போட்ட புலத் ஹப்பயாவும் அங்கே உண்டு. இரண்டும் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாதவை. குனிந்து பாருங்கள், ஆசை தீரப் பாருங்கள், அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

கே: மாணிக்கம் தோண்டி விட்ட குழியில் தண்ணீர் நிறைந்து விரால் ஓடுகிறது. தூண்டில் போடலாமா? (எட்டாம் வகுப்பு மாணவன், நிவித்திகல)

ப: வேண்டாம் கண்ணா. வேண்டவே வேண்டாம். உன் அப்பாவிடமும் இதைப் படித்துக் காட்டு.

அந்தக் குழி குளம் மாதிரி சரிந்து இறங்காது. இல்லம் என்னும் மாணிக்க மண் கிடைக்கும் ஆழம்வரை நேர்க்குத்தாக வெட்டியிருப்பார்கள். பக்கத்துக்குக் கொடுத்த முட்டுக் கம்புகள் தண்ணீரில் உக்கிப்போயிருக்கும். மேலே புல் முளைத்து நிலம் மாதிரித் தெரியும் விளிம்பு, கீழே அரிக்கப்பட்டு வெறும் உதடாக நிற்கும். தூண்டிலோடு ஒரு காலை ஊன்றினால் மண்ணோடு சேர்ந்து உள்ளே போவாய். பிடித்து ஏற ஒரு படி இருக்காது. தூக்க வந்தவரும் சேர்ந்து விழுந்த கதைகள் நம் மாவட்டத்தில் உண்டு.

தப்பினாலும் எலிக்காய்ச்சல் இருக்கிறது. வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்குகிறவர்களை அது அதிகமாகப் பிடிக்கும் மாவட்டங்களில் நம்முடையது முன்னணி. காலில் சின்னக் கீறல் போதும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண், சிறுநீர் குறைவது என்று தெரிந்தால் கடையில் பனடோல் வாங்கிக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணீரில் இறங்கியதையும் சொல்லவேண்டும். வேலைக்காக இறங்கியே ஆகவேண்டியவர்களுக்கு முன்கூட்டியே எடுக்கும் மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் பெறலாம்.

பெரியவர்களுக்கு: அகழ்ந்த குழியை மூடுவதற்கென்றே உரிமம் எடுக்கும்போது பிணைப்பணம் கட்டுகிறார்கள். மூடாத குழி தெரிந்தால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் இரத்தினபுரி அலுவலகத்துக்கு எழுதுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: இப்படி ஒரு கனடாப் பயணத்துக்கு என்ன செலவாகும்? நம்மால் முடியுமா? (பிரட்டுக்களத்திலிருந்து, காவத்தை)

ப: ஒரு வாரத்துக்கு ஆளுக்கு ஆயிரம் கனேடிய டொலருக்கு மேல். விசா, பயணச்சீட்டு வேறு. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானது. கணக்கை நான் போடவில்லை. போட்டால் கோபம்தான் வருகிறது. ஆனால் சமனல வாவிக்கு ஒரு வேன் பிடித்து, லயத்தில் பத்துப் பேர் பங்கு போட்டு, சோற்றுப் பொட்டலத்தோடு போய்வர உங்களால் முடியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர்க் கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு நாள் உழைக்கிற உடம்புக்குச் சேரவேண்டிய உரிமை.

கே: தோட்டத்து இளைஞர்களுக்கு இதில் தொழில் கிடைக்குமா? (வேலை தேடும் பட்டதாரி, நிவித்திகல)

ப: கிடைக்கும். ஆனால் தட்டுத் தூக்கும் வேலையோடு நின்றுவிடாதீர்கள். ஹோட்டல் பாடசாலையில் படியுங்கள், சுற்றுலா வழிகாட்டி உரிமம் எடுங்கள், உயிர்காப்பு நீச்சல் பழகுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் பேசும் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. நன்னீர் மீன் வளர்ப்புக்கு 1999 முதல் நெக்டா அதிகாரசபை இயங்குகிறது. உடவளவையிலேயே அதன் மீன்குஞ்சு நிலையம் உண்டு. போய் விசாரியுங்கள். தோட்டத்துக் குளத்தில் குஞ்சு விட்டு, ஊர்ச் சங்கம் ஒன்று அமைத்து, தூண்டில்காரரிடம் கட்டணம் வாங்கும் உரிமை அந்த லயத்துக்கே கிடைக்கவேண்டும் என்று கேளுங்கள். கம்பெனி உடனே தராது. சம்பளமும் உடனே தந்ததில்லை, கேட்டுத்தான் வாங்கினோம்.

கே: சில பொடியன்கள் மருந்து கலக்கி மீன் பிடிக்கிறார்கள். சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். (வே கங்கைப் பக்கத்துக் குடும்பம்)

ப: சண்டை போடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். அவசர இலக்கம் 119. நஞ்சும் வெடியும் 1996ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி குற்றம். அந்த மீனைத் தின்கிறவன் வயிற்றுக்கும், கீழே அதே தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் மருந்து கலக்குகிறான். கிராஸி நேரோஸ் கதையை அந்தப் பொடியன்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கே: எங்கள் ஆற்றில் மீன் திரும்ப வர நான் என்ன செய்யலாம்? (ஏழாம் வகுப்பு மாணவி, நிவித்திகல)

ப: மகளே, உன் பாடசாலையில் சுற்றாடல் கழகம் இருந்தால் அங்கேயே தொடங்கு. முதல் மழையில் ஆறு பெருகி மீன் சிற்றோடைக்கு ஏறும் காலத்தில், வயிறு பருத்த தாய் மீனை யாரும் பிடிக்கவேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லுங்கள். கொசுவலையால் குஞ்சு அள்ளுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மாணிக்க மண் கழுவிய கலங்கல் நேரே ஆற்றில் விழும் இடங்களைக் குறித்து, ஆசிரியரின் கையொப்பத்தோடு நிவித்திகல பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இன்னொன்று எழுதுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஆற்றில் முன்பு இருந்த மீன்களின் பெயர்களை வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு, எந்த இடத்தில், எந்த மாதம் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். தமிழிலோ சிங்களத்திலோ, தெரிந்த பெயர் எதுவானாலும் சரி. தோட்டத்தின் பெயரையும் ஆற்றின் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வந்தவற்றை ஒரு பக்கம் ஒதுக்கி அச்சிடுகிறேன்.